பங்களாக் குளத்துப் பனி

கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்காத மனுசனோடு முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அகஸ்டினா. நடத்தியது மட்டுமில்லை, அதை ஊருக்கெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள். பீலியில் தண்ணி பிடிக்கும்போது சொன்னாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று சாமியாரிடமே சொன்னாள்.

"கல்லு மலையப் பாத்துக் கூப்பிட்டாக்கூட எதிரொலி வரும் சாமி. எங்க வீட்டுக்காரருகிட்ட அதுவும் கெடையாது."

சாமியார் சிரித்தார். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் தேவதாசனும் சிரித்தார். சிரிப்பு மட்டும் அவருக்குத் திக்காது.

அகஸ்டினா சொன்னதில் பாதிதான் உண்மை. தேவதாசன் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. வாயால் சொல்லமாட்டார், அவ்வளவுதான். கையில் எது இருக்கிறதோ அதில் இரண்டு தட்டுத் தட்டுவார். வாளி என்றால் வாளி, மண்வெட்டி என்றால் அதன் பிடி, ஒன்றுமே இல்லாவிட்டால் கதவு நிலை. இரண்டு தட்டு என்றால் 'இங்கேதான் இருக்கிறேன்' என்று அர்த்தம். ஒரு பெண்சாதிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவருடைய கட்சி.

சின்ன வயசிலிருந்தே அவருக்குத் திக்குவாய். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று தோட்டப் பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதியிருந்ததாம். அங்கே ஒரு வாத்தியார் வாரத்துக்கு ஒரு நாள் இவரை எழுப்பி அதை வாசிக்கச் சொல்வாராம். வகுப்பு முழுக்கச் சிரித்து ஓயும்வரை உட்காரவிடமாட்டாராம். அந்த வாத்தியார் இப்போது எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு மூடிய வாயை அதற்குப் பிறகு யாராலும் முழுசாகத் திறக்க முடியவில்லை.

யாராலும் என்று சொல்லிவிட முடியாது. பனியால் முடிந்தது. அது அகஸ்டினா ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஹல்துமுல்லைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்து உச்சி மலையில் கார்த்திகை, மார்கழியில் பனிமூட்டம் இறங்கினால் பக்கத்து நிரையில் நிற்கிறவளின் தலைத்துண்டுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்போது கொழுந்து பறிக்கிற பெண்கள் குரல் போடுவார்கள். முதல் நிரைக்காரி "ஓய்" என்பாள். அடுத்தவள் "ஓய்" என்பாள். அப்படியே கடைசி நிரைவரை போகும். ஒரு குரல் குறைந்தாலும் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட வேண்டும். பள்ளத்தில் விழுந்தாளா, மயங்கிக் கிடக்கிறாளா என்று பார்க்காமல் ஒரு கொழுந்து கிள்ளக்கூடாது. கங்காணி தொண்டை கிழியக் கத்தினாலும் அதுதான் அவர்கள் சட்டம்.

அப்படி ஒரு மார்கழியில், கல்யாணத்துக்கு முந்தின வருஷம், அகஸ்டினா நிரை தப்பிவிட்டாள். குரல் போட்டாள். பதில் நாலு திசையிலிருந்தும் வந்தது போலிருந்தது. காலை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் நின்றபோது பக்கத்தில் எங்கேயோ ஓர் ஆம்பளைக் குரல் கேட்டது.

"அங்கேயே நில்லு. கீழ வழுக்குப் பாறை இருக்கு. எடது கைப்பக்கம் நாலு எட்டு வச்சா வாய்க்கால் வரும். பயப்படாத, நான் இங்கதான் இருக்கேன்."

நாலு எட்டு வைத்தாள். வாய்க்கால் வந்தது. வாய்க்கால் ஓரத்தில் கொழுந்துச் சாக்குச் சுமக்கிற தேவதாசன் நின்றுகொண்டிருந்தார். ஊமையென்று லயத்து வீடுகளில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்த அதே தேவதாசன். "இப்ப பேசினது நீங்களா?" என்று கேட்டாள். அவள் முகத்தைக் கண்டதும் அவர் வாய் அடைத்துக்கொண்டது. கையிலிருந்த தண்ணீர் டின்னில் இரண்டு தட்டுத் தட்டினார்.

முகம் தெரியாவிட்டால் அவர் நாக்கு அவிழும். அந்த மார்கழி முழுக்கப் பனிக்குள் நின்று கோர்வையாக, அழகாகப் பேசினார். அவள் கேட்டாள். தை பிறந்து வெயில் வந்ததும் இரண்டு பேருக்குமே துக்கமாகிவிட்டது. பிறகு கல்யாணம். கோயிலில் சம்மதமா என்று சாமியார் கேட்டபோது முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொண்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்றோடு தேவதாசன் நாலு பேர் முன்னால் வாய் திறப்பதை விட்டுவிட்டார்.

இப்போது அகஸ்டினாவுக்கு முழங்கால் வலி. மலையேற முடியாது. பழைய துரை பங்களாவைப் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் தங்கராஜா முதலாளி வாங்கி, சுற்றுலாக்காரர்கள் தங்குகிற இடமாக்கியிருந்தார். அங்கே குசினி வேலை அவளுக்கு, வாச்சர் வேலை தேவதாசனுக்கு. முதலாளி பங்களாவுக்குப் பின்னால் ஒரு சின்ன நீச்சல் குளமும் கட்டியிருந்தார். அந்தக் குளிருக்கு அதில் இறங்க யாருக்குத் துணிச்சல்? வெள்ளைக்காரர்களே காலை நனைத்துப் படம் எடுத்துக்கொண்டு கம்பளிக்குள் ஓடிவிடுவார்கள். யாரும் குளிக்காத குளத்தை மாசத்துக்கு ஒரு தரம் இறைத்துத் தேய்த்துக் கழுவுவார் தேவதாசன்.

ஒரே மகள் ஜெசிந்தினி ஹாலிஎலத் தபால் கந்தோரில் வேலை செய்கிறாள். பதுளைப் பையன் றுஷாந்தனோடு கல்யாணம் நிச்சயமாகி, ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது. விருந்தைப் பங்களாப் புல்வெளியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது மகள் பேச்சை எடுக்கும்வரை.

"சாப்பாட்டுக்கு முன்னுக்குப் பொண்ணு வீட்டுப் பக்கம் யாராவது பேசணுமாம். சித்தப்பா நான் பேசுறேன்னு நிக்கிறாரு. எனக்கு வேணாம். அப்பாதான் பேசணும்."

அகஸ்டினா கறி அள்ளிய கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"நாலு வார்த்த போதும் அப்பா. உங்க வாயால வரட்டும். எனக்கு வேற சீதனம் வேணாம்."

தேவதாசன் தட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அகஸ்டினா கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தாள். இருநூறு பேர் முன்னால் மறுபடியும் நாக்கு மாட்டி, மறுபடியும் எவளாவது களுக்கென்று சிரித்துவிட்டால் இந்த மனுசன் மிச்சமிருக்கிற வார்த்தையையும் விழுங்கிவிடுவார். வீட்டுக்குள் தன்னோடு பேசுகிற அந்தக் கொஞ்சமும் போய்விடும். கல்யாணத்தை மார்கழியில் வைத்திருந்தாலாவது பனி கைகொடுத்திருக்கும். ஆகஸ்ட் மாசத்தில் அந்த மலையில் காற்றும் வெயிலும்தான். பனிக்கு எங்கே போவது?

அந்தப் பனி ஐஸ்கிரீம் லொறியில் வந்தது.

கொழும்பிலிருந்து பதுளைக்கு ஐஸ்கிரீம் ஏற்றிப்போகிற பஸீல், பங்களா வாசலில் லொறியை நிறுத்தி அகஸ்டினாவிடம் ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மேலே ஏறுவான். கல்யாணச் செய்தி கேட்டதும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. டிரை ஐஸ் என்று ஒன்று இருக்கிறது, ஐஸ்கிரீம் உருகாமலிருக்கப் பெட்டிக்குள் வைப்பது, அதைச் சுடுதண்ணியில் போட்டால் புகை புகையாக வரும், பெரிய ஹோட்டல் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண்ணின் காலடியில் அதைத்தான் சுற்றவிடுகிறார்கள் என்றான்.

"அசல் பனி மாதிரியே இருக்கும் அக்கா."

"ஹல்துமுல்லைக்குப் பனி கொண்டு வர்றீங்களா? கொல்லன் தெருவுல ஊசி வித்த கதையா இருக்கு" என்று அகஸ்டினா சிரித்தாள்.

ஆனால் தேவதாசன் சிரிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க ஒரு கேள்வி கேட்டார். "அ… அதுக்குள்ள நி… நின்னா ஆளு தெரியுமா?"

"தெரியாதுண்ணே. ஒட்டி நின்னாக்கூடத் தெரியாது."

அப்போதாவது அகஸ்டினாவுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மாப்பிள்ளை பெண் காலடிக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சனிக்கிழமை பின்னேரம் பஸீல் டிரை ஐஸ் அடைத்த இரண்டு பெரிய ரெஜிபோம் பெட்டிகளை இறக்கினான். திரும்பி வரும் வழியில் மிஞ்சியதாம், சோதித்துப் பார்க்கட்டும் என்று கொண்டு வந்திருந்தான். "வெறுங்கையால தொட்ராதீங்கண்ணே, தோலு கழண்டுரும். மூடிய இறுக்காதீங்க. கதவச் சாத்தின அறைக்குள்ள மட்டும் வச்சுப் பாத்துராதீங்க, மூச்சு முட்டும்" என்று மூன்று தரம் சொன்னான். தேவதாசன் மூன்று தரமும் தலையாட்டினார்.

அவர் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கதவு சாத்திய அறையா? இல்லை. வானம் பார்த்த குளம். கழுவுவதற்காகத் தண்ணியை இறைத்தாகிவிட்டது, அடியில் முழங்கால் அளவுதான் கிடந்தது. சுற்றிலும் குளத்துச் சுவர் ஆள் உயரம் இருப்பதால் காற்று அடித்தாலும் புகை கலையாது. தலை மறையப் பனி வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் ஏது? வேறு ஊர்க்காரனாக இருந்தால் அந்த வெள்ளைப் புகை குழிக்குள் நிறைந்து வருவதைக் கண்டு பத்தடி தள்ளி நின்றிருப்பான். பனியில் பிறந்து, பனியில் சாக்குச் சுமந்து, பனிக்குள் நின்று பெண்டாட்டி தேடிக்கொண்ட மனுசனுக்குப் பனியைப் பார்த்து என்ன பயம்?

சரி, கல்யாணத்தன்று குளத்துக்குள் நின்றுதான் பேசப்போகிறாரா என்று கேட்டால், அதை அவர் இன்னும் யோசிக்கவில்லை. அவருக்கு முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான். மார்கழிப் பனிக்கு அவிழ்ந்த நாக்கு இந்தப் பெட்டிப் பனிக்கும் அவிழுமா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அகஸ்டினா குசினிக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக் கல்யாணப் பலகாரமாகக் கொக்கிஸ் சுடத் தொடங்கினாள். கூடமாட உதவ வள்ளியம்மை வந்திருந்தாள். ஒரே மலையில் இருபது வருஷம் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறித்தவர்கள் இரண்டு பேரும். வள்ளியம்மை கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற முரட்டுத்துணிப் படங்கைக் கழுவிக் கொண்டு வந்து, புல்லில் விரித்து, அதன்மேல் அரிசிமாவைக் காயப்போட்டிருந்தாள். காற்று இன்னும் எழும்பவில்லை.

தேவதாசன் வந்து அண்டாவிலிருந்து ஒரு வாளி சுடுதண்ணி அள்ளிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வாளி. பிறகு இன்னொன்று.

"ஏங்க, எதுக்கு இவ்வளவு சுடுதண்ணி?"

வாளியில் இரண்டு தட்டு. ஆள் போய்விட்டார்.

"நல்லா சொன்னாரு" என்றாள் வள்ளியம்மை.

அப்புறம்தான் அந்தக் குரல் கேட்டது. குளத்துப் பக்கமிருந்து, தெளிவாக, நிதானமாக.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெசிந்தினியோட அப்பா தேவதாசன். எனக்கு மேடப் பழக்கமில்ல."

அகஸ்டினாவின் கை எண்ணெய்ச் சட்டிக்கு மேலே அப்படியே நின்றது. வள்ளியம்மை வாயைத் திறக்கப்போக, அகஸ்டினா வேகமாகக் கையைக் காட்டி அடக்கினாள். யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த நாக்கு மறுபடியும் பூட்டிக்கொள்ளும்.

"எம் மக பொறந்த அன்னைக்கு அட மழை. ரோட்டுல மண் சரிஞ்சு வண்டி ஒண்ணும் வரல. கொழுந்து லொறியிலதான் அவ அம்மாவ ஏத்திக்கிட்டுப் போனோம். பச்சக் கொழுந்து மேல படுத்துத்தான் எம் பொண்டாட்டி அவளப் பெத்தா. அந்தக் கொழுந்த பெக்டரியில எடுக்கமாட்டேன்னுட்டாங்க. போனாப் போகுதுய்யா, இதவிட நல்ல கொழுந்து எனக்குக் கெடச்சிருச்சின்னு நெனச்சேன். அன்னைக்கு வாய் வரல. இன்னைக்குச் சொல்றேன்."

அகஸ்டினாவுக்குக் கண்ணீர் முட்டியது. கொக்கிஸ் கருகுவதை வள்ளியம்மைதான் எடுத்துப் போட்டாள். முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தின பனி நாள்களின் குரல் அது. செத்துப்போய்விட்டது என்று அவள் நினைத்திருந்த குரல்.

"எம் பொண்டாட்டி…" குரல் கொஞ்சம் இழுத்தது. "எம்… பொண்டாட்டி… அகஸ்டினா…"

நின்றது.

தன் பெயர் வந்ததும் எந்தப் பெண்ணும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பாள். அவளும் காத்திருந்தாள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பை நினைத்துத்தான் பிற்பாடு பல நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

"மறுபடி மாட்டிக்கிருச்சு போல" என்று வள்ளியம்மை கிசுகிசுத்தாள்.

"ஏங்க!" என்று அகஸ்டினா குரல் கொடுத்தாள்.

ஒன்றுமில்லை.

"அந்த மனுசன் என்னைக்குத்தான் பதில் சொன்னாரு? விடு புள்ள."

அகஸ்டினா விடவில்லை. அவர் கையில் தகர வாளி இருந்தது. சுடுதண்ணி அள்ளும்போது அவளே பார்த்திருந்தாள். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு தட்டாமல் இருந்ததே இல்லை அவர். மறுபடியும் "ஏங்க" என்றாள். பிறகு அவளை அறியாமலே அடிவயிற்றிலிருந்து மலைக்குரல் வந்தது.

"ஓய்!"

பக்கத்திலிருந்த வள்ளியம்மை பழக்கதோஷத்தில் "ஓய்" என்றாள். அடுத்த குரல் வரவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு குரல் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அகஸ்டினாவின் முழங்கால் வலி எங்கே போனதோ, ஓடினாள்.

குளம் விளிம்புவரை வெள்ளையாக நிறைந்திருந்தது. அசைவே இல்லை. படியில் இரண்டு எட்டு இறங்கினாள். சோடாப் போத்தலை மூக்கடியில் திறந்தது மாதிரி சுரீரென்று ஏறியது, தொண்டை அடைத்தது, கண் இருட்டியது. தட்டுத்தடுமாறி மேலே வந்து விழுந்தாள்.

"வள்ளி! இது பனியில்ல! படங்க எடு!"

வள்ளியம்மை மாவோடு சேர்த்துப் படங்கை வாரிக்கொண்டு வந்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குளத்துக்கு மேலே ஓங்கி ஓங்கி வீசினார்கள். மாவும் புகையும் கலந்து பறந்தது. நாலாவது வீச்சில் புகை ஒதுங்கியது. அடிப்படியில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்து, கண் மூடிக் கிடந்தார் தேவதாசன். வாளி தண்ணியில் மிதந்துகொண்டிருந்தது.

அகஸ்டினா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயை மூடிக்கொண்டு இறங்கினாள். படங்கின் ஒரு முனையை அவர் கக்கத்துக்குள் கொடுத்துச் சுற்றி, மறு முனையை மேலே எறிந்தாள். நாற்பது கிலோக் கொழுந்துச் சாக்கைத் தூக்கிப் பழகிய வள்ளியம்மை மேலிருந்து இழுத்தாள். அகஸ்டினா கீழிருந்து தள்ளினாள். எப்படி மேலே வந்தார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் இன்றுவரை சொல்லத் தெரியாது.

புல்லில் போட்டபோது அவர் முகம் நீலம் பாரித்திருந்தது. அகஸ்டினா கன்னத்தில் தட்டினாள், நெஞ்சைத் தேய்த்தாள், "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பெரிய இருமல் ஒன்று வந்தது. கண் திறக்கவில்லை. ஆனால் அவருடைய விரல்கள் எதையோ தேடி அலைந்து, அவள் மணிக்கட்டைக் கண்டுபிடித்து, மெதுவாக, ஒன்று, இரண்டு என்று தட்டின.

அகஸ்டினா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே வாயில் வந்தபடி திட்டினாள். மாதாவையும் கூப்பிட்டாள், மாரியம்மனையும் கூப்பிட்டாள். வள்ளியம்மை கூட இருந்ததால் இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, அந்தப் புகை காற்றைவிடக் கனம், குழியில் தண்ணி மாதிரி தேங்கி மூச்சை அடைத்துவிடும், இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தால் ஆளே இல்லை என்று சொல்லி, இவருக்கு வசவும் கொடுத்து அனுப்பினார். செய்தி கேட்டு ஓடிவந்த பஸீல், தன் தலையில் தானே அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். "பள்ளத்துக்குள்ளயும் வச்சுராதீங்கன்னு நான் சொல்லலியே அக்கா" என்று அழுதேவிட்டான். அவனையும் தேற்ற வேண்டியதாயிற்று.

மறுநாள் சாயந்திரம் வீட்டு முன் இஸ்தோப்பில் இரண்டு பேரும் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் கேட்டேன்" என்றாள் அகஸ்டினா. "நீங்க பேசினது எல்லாத்தையும் கேட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ப… பனியில்லாம எ… எனக்கு வராது புள்ள. சி… சித்தப்பனே பேசட்டும்" என்றார்.

"என்கிட்ட முப்பத்தோரு வருஷமா நீங்க திக்கித்தானே பேசுறீங்க? எனக்கு என்னைக்காவது புரியாமப் போச்சா?" அவளுக்குக் கோபம் வந்தது. "திக்கினாத் திக்கட்டும். எவ சிரிக்கிறாளோ சிரிக்கட்டும். எம் பேரச் சொல்லி நிப்பாட்டினீங்களே, மிச்சம் என்ன?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இந்தத் தட்டெல்லாம் என்கிட்ட வேணாம். சனிக்கிழம எல்லார் முன்னுக்கும் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் கேக்கமாட்டேன்."

கேட்கவில்லைதான். ஆனால் அந்த நாலு நாளும் மாவு பிசையும்போதும் சீலை மடிக்கும்போதும் அவள் மனசு அந்த ஒரு வரியிலேயே நின்றது. சாகப்போகிற நேரத்தில் தன் பெயரைச் சொன்ன மனுசன் அதற்குப் பிறகு என்ன சொல்ல வந்தார்? நல்லதா, குறையா? குறை சொல்லவும் அவருக்கு நிறைய இருந்தது என்பது அவளுக்கே தெரியும்.

சனிக்கிழமை வானத்தில் பொட்டு மேகமில்லை. தெற்கே பள்ளத்தாக்கின் கடைசிவரை துடைத்துவைத்தது மாதிரித் தெரிந்தது. கோயிலில் தாலி கட்டி முடித்து, புல்வெளியில் இருநூறு பேர் உட்கார்ந்தார்கள். நீச்சல் குளத்தைச் சுற்றி முதலாளி கயிறு கட்டிவிட்டிருந்தார். பின் மேசைகளில் அகஸ்டினாவின் பழைய நிரைக்காரிகள் இருபது பேர், வள்ளியம்மையோடு, பட்டுச்சீலையில்.

பெண்ணின் அப்பா பேசுவார் என்று அறிவித்தார்கள். தேவதாசன் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. இருநூறு முகமும் பளிச்சென்று தெரிந்தது.

"எ…" என்றார். "எ… எ… எ…"

அந்த ஒற்றை எழுத்து ஒலிபெருக்கியில் போய்ப் போய் வந்தது. ஜெசிந்தினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். எங்கேயோ ஒரு மூலையில் யாரோ களுக்கென்றார்கள். சித்தப்பா மைக்கை வாங்கக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். தேவதாசனின் வாய் மூடியது. கை மைக்கை விட்டு இறங்கத் தொடங்கியது.

"ஓய்!"

சபையில் பாதிப் பேருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அகஸ்டினா எழுந்து நின்றிருந்தாள். கல்யாண வீட்டில், பெண்ணைப் பெற்றவள், பட்டுச்சீலையில் நின்று மலையில் கத்துவது போல் கத்தியிருந்தாள். சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின் மேசையிலிருந்து வள்ளியம்மை "ஓய்" என்றாள். அவளுக்கு அடுத்தவள் "ஓய்". அதற்கு அடுத்தவள். மலையில் எந்த வரிசையில் நின்றார்களோ அதே வரிசையில், ஒருத்தி விடாமல், இருபது குரலும் புல்வெளியைச் சுற்றி வந்தன. கடைசிக் குரலும் முடிந்தது. அப்புறம் எல்லாரும் கையிலிருந்ததை வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு குரல் இன்னும் வரவேண்டியிருந்தது.

தேவதாசன் அகஸ்டினாவை மட்டும் பார்த்தார்.

"ஓய்" என்றார். திக்காமல்.

அதன் பிறகு பேசினார். திக்கித்தான் பேசினார். அடைமழையும் கொழுந்து லொறியும் பெக்டரிக்காரன் வேண்டாமென்ற கொழுந்தும் வந்து சேர்வதற்குள் பிரியாணி ஆறிவிட்டது. ஜெசிந்தினி மாப்பிள்ளையின் கைக்குட்டையையும் நனைத்துவிட்டாள். ஒருத்தரும் அசையவில்லை.

"எ… எம் பொண்டாட்டி அ… அகஸ்டினா…" என்று வந்தபோது அகஸ்டினா முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கூ… கூப்பிட்டா நான் ப… பதில் சொல்றதில்லன்னு ஊ… ஊருக்கெல்லாம் சொல்லுவா. நெசந்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒ… ஒரு தரத்துல பதில் சொல்லிட்டா, அ… அவ மறுபடி கூ… கூப்பிடமாட்டாளே. அ… அதான்."

யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். அகஸ்டினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முப்பத்தோரு வருஷம் ஊரைக் கூட்டிக் குறை சொன்ன வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் பழைய வார்த்தைதான் வந்தது.

"ஏங்க!"

அவர் பதில் சொல்லவில்லை. மைக்கின் தலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அந்தச் சத்தம் ஒலிபெருக்கி வழியாகத் தேயிலை மலையெல்லாம் கேட்டது.